துடுப்புப் பிடித்தவன்

தங்கராஜு மருந்து கொடுக்கும் டிரசராக வந்து சேர்ந்த புதிதில் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டில்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. சனங்களுக்கு நோய் இல்லாமல் இல்லை. மலாய் தேசத்தில் சிம்பாங் ரெங்கத்தைச் சுற்றிக் காடு வெட்டிக் கித்தா என்னும் ரப்பர் மரம் நட்ட இடங்களிலெல்லாம் அந்த வருஷங்களில் குளிர்காய்ச்சல்தான். கூலிகள் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பார். ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் பயம். நடந்து போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்று பேச்சு. கடைசி நேரத்தில் கொண்டுவந்து போட்டால் வேறு எப்படி ஆகும் என்று தங்கராஜு சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வந்தவர்களை நிறுத்தி வைப்பது அதைவிடப் பெரிய பாடு. குளிர்காய்ச்சல் ஒருநாள் ஆளைப் போட்டு உலுக்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி விட்டுவிடும். விட்டவுடன், “சொகமாயிருச்சுங்க” என்று கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கொயினா மருந்தின் கசப்புக்குப் பயந்து ஓடுகிறவர்கள் பாதி, கூலி போய்விடுமே என்று ஓடுகிறவர்கள் பாதி. அடுத்த வாரம் அதே ஆளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள்.

அந்த நேரத்தில்தான் புத்தகம் கைகொடுத்தது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுமுன் தங்கராஜு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த கதைப் புத்தகம் அது. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு சோழ ராஜா கப்பல் படையோடு கடல் தாண்டி வந்து கடாரத்தைப் பிடித்த கதை. தடிப் புத்தகம், செந்தமிழ் நடை. மத்தியானம் மருந்து கொடுத்து முடித்ததும் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத இடத்தில் தன் குரலாவது கேட்கட்டுமே என்றுதான். ஒருநாள் உள்ளேயிருந்து ஐயாசாமியின் சத்தம் வந்தது. ஐயாசாமி புல் வெட்டும் ஆள், ஐம்பதைத் தாண்டியவர், ஆஸ்பத்திரியிலிருந்து நழுவுவதில் பேர் போனவர்.

“அய்யா, கொஞ்சம் சத்தமா படிங்க. ராணி என்ன சொன்னான்னு காதுல விழல.”

மறுநாள் தங்கராஜு நாற்காலியை உள்ளே போட்டுக்கொண்டான். கொயினா குடித்தவர்களுக்குத்தான் கதை என்று ஒரு சட்டமும் வைத்தான். ஐயாசாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஒரு வாரத்தில் கட்டில்கள் நிறைந்தன. காய்ச்சல் விட்டும் போகாமல், “இன்னும் உடம்பு ஒரு மாதிரியா இருக்குங்க” என்று படுத்துக்கொண்டவர்களும் உண்டு.

கடாரம் என்பது இதே தேசத்தில், வடக்கே கெடாப் பக்கம் இருப்பது என்று அவன் விளக்கியபோது எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“அலமாக்! ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே நம்மாளுங்க இங்க வந்துட்டாங்களா?” என்றார் ஐயாசாமி. “அவங்களக் கப்பல்ல கூட்டியாந்த கங்காணி யாருங்க?”

வார்டே சிரித்தது. அந்தக் கட்டடத்தில் அப்படியொரு சிரிப்பைத் தங்கராஜு கேட்டது அதுதான் முதல் தடவை.

செல்லம் வந்து சேர்ந்தது அந்த நாட்களில்தான். பால் மரம் சீவுகிறவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், காய்ச்சல் அவளைக் காய்ந்த குச்சியாக்கியிருந்தது. அவள் புருஷன் சின்னத்தம்பி இரண்டு வருஷத்துக்கு முன் குத்தகைக்கு ஆள் பிடிக்கும் ஒரு கொந்தராத்துக்காரனோடு தெற்கே காடு வெட்டப் போனவன். ‘மழைக்கு முன்னாடி வந்துருவேன்’ என்று சொல்லிவிட்டுப் போனானாம். எத்தனையோ மழை வந்து போய்விட்டது. செத்துவிட்டான் என்றார்கள் சிலர். வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்றார்கள் சிலர். அவள் தாலியையும் கழற்றவில்லை, குங்குமத்தையும் அழிக்கவில்லை. லயத்துப் பெண்கள் அவளை நல்ல காரியத்துக்கும் கூப்பிடுவதில்லை, கெட்ட காரியத்துக்கும் கூப்பிடுவதில்லை. எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

முதல் நாலைந்து நாள் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி கதை கேட்டாள். கப்பல் படை புறப்படும் அத்தியாயம் வந்தது. ராஜாவின் கிரீடம் ஒரு பக்கம், கொடியின் வர்ணனை ஒரு பக்கம், கரையில் நின்று கண்ணீர் விடும் ராணியின் சிலம்பு இரண்டு பக்கம் என்று தங்கராஜு படித்துக்கொண்டே போனான்.

“டிரசரய்யா,” என்றாள் செல்லம், திரும்பாமலே. “அந்தக் கப்பல யாரு தள்ளுனது?”

“என்னம்மா?”

“காத்து இல்லாதப்ப யாராச்சும் துடுப்புப் போடணும்ல? அவங்களுக்கும் பொண்டாட்டி இருந்திருப்பா. அவ எந்தக் கரையில நின்னா?”

தங்கராஜு பக்கத்தைப் பார்த்தான். ‘ஆயிரம் துடுப்புகள் ஒருசேர அசைந்தன’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. துடுப்புகள் தாமாகவே அசைந்ததைப்போல. இந்த வரியை எத்தனையோ தடவை படித்திருக்கிறான், ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது அதைப் படித்துக் காட்ட அவனுக்கு என்னவோ போலிருந்தது. எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லமும் திரும்பிவிட்டாள்.

“இருக்கும்மா,” என்றான். “அடுத்த பக்கத்துல வருது.”

பக்கத்தைப் புரட்டினான். கண் புத்தகத்தில் இருந்தது. வாய் தன்போக்கில் கிளம்பிவிட்டது. “அந்தக் கப்பலில், மூன்றாம் வரிசையில், மருதன் என்று ஒருவன் துடுப்புப் பிடித்தான். ஆற்றோரத்து ஊர்க்காரன். கடலை அதற்குமுன் பார்த்ததில்லை…”

அன்றைக்கு அந்த ஒருவனைப் பற்றியே அவன் பேசினான். மருதனின் உள்ளங்கையில் கொப்புளம் வெடித்து உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. பக்கத்தில் இருந்தவன் வாந்தி எடுத்தான். ஊரில் பெஞ்சாதி எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று மருதன் வெயிலின் சாய்வைப் பார்த்துக் கணக்குப் போட்டான். இப்படியெல்லாம் தனக்குச் சொல்ல வரும் என்று தங்கராஜுவுக்கே தெரியாது. எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அவன் வந்த கப்பலில் கூலிகள் படுத்துக் கிடந்த மேல்தட்டு ஞாபகம்தான் வந்தது.

அதற்குப் பிறகு ராஜாவை யாரும் சீண்டவில்லை. “அவரு கெடக்கட்டுங்க, மருதன் என்ன ஆனான்?” என்பார் ஐயாசாமி. தங்கராஜு ராஜாவுக்கு அரைப் பக்கமும் மருதனுக்கு மீதியுமாகப் ‘படித்து’ வந்தான். பக்கங்களைச் சரியான நேரத்துக்குப் புரட்டவும் கற்றுக்கொண்டான். மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் கொயினா சீசாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன. லயத்தில் நடுங்குகிறவர்கள் குறைந்திருந்தார்கள். யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

செல்லத்துக்குக் குணமாகி அவள் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் சீவிய மரப்பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்ததும் தினமும் மத்தியானம் ஆஸ்பத்திரிச் சன்னலுக்கு வெளியே நிற்பாள். கதை முடிந்து போகும்போது ஒரே கேள்விதான்.

“அய்யா, மருதன் ஊருக்குத் திரும்பிப் போவானா?”

“இன்னும் அந்த எடம் வரலியேம்மா.”

அவள் கேட்கிற விதத்தில்தான் தங்கராஜுவுக்குப் பயம் பிடித்தது. கதை கேட்கிறவள் குரலாக அது இல்லை. ஊரிலிருந்து வந்தவனிடம் சேதி கேட்கிறவள் குரல். மருதன் திரும்பினால் இவள் இன்னும் பத்து வருஷம் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருதன் செத்தால் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு இடிந்துபோவாள். ஆகவே அவன் கதையை நகர்த்தாமல் வைத்திருந்தான். புயல் வந்தது, போயிற்று, திரும்பவும் வந்தது. கப்பல் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“என்னங்க இது, இந்தக் காத்து நிக்கவே நிக்காதா?” என்று ஐயாசாமியே சலித்துக்கொண்டார்.

அமானுல்லா பாய் வந்த அன்றைக்கு எல்லாம் உடைந்தது. அவர் ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து ரெங்கத்தில் இறங்கி, தோட்டம் தோட்டமாகப் புத்தகம் விற்கிறவர். அத்தர், ஊதுவத்தி, பஞ்சாங்கம், கதைப் புத்தகம், எல்லாம் ஒரே மூட்டையில் இருக்கும். மத்தியானம் தங்கராஜு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்த நேரத்தில் செல்லம் உள்ளே வந்தாள். வழக்கமாகச் சன்னலோடு நிற்பவள் அன்று படியேறி வந்தாள். கையில் அதே புத்தகம், புத்தம் புதிதாக. பின்னால் அமானுல்லா பாய் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“அய்யா, நீங்க முடிக்கவே மாட்டேங்கறீங்கன்னு நானே ஒண்ணு வாங்கிட்டேன்,” என்றாள். “மருதன் ஊருக்குப் போற எடத்த மட்டும் படிச்சுச் சொல்லுங்க பாய்னு கேட்டேன். அவரு காலையிலிருந்து தேடுறாரு. இதுல மருதனே இல்லங்கறாரு.”

பாய் தயங்கிச் சொன்னார்: “தங்கச்சி ரொம்பக் கேட்டுச்சு தம்பி. நான் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பொரட்டிப் பாத்துட்டேன். ஒருவேளை உங்ககிட்ட இருக்கிறது வேற பதிப்போ என்னவோ.”

அவர் தப்பிக்க ஒரு வழி காட்டினார். தங்கராஜுவும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் செல்லத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் முடியவில்லை.

“பதிப்பெல்லாம் ஒண்ணுதான் பாய்,” என்றான். “மருதன் புத்தகத்துல இல்ல. நானா சொன்னது.”

 செல்லம் புத்தகத்தை அருகிலிருந்த கட்டிலில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

“இத்தினி நாளா அந்தாளுக்காக நான் சாமி கும்புட்டேன்யா,” என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

ஐயாசாமிதான் கத்தினார். “படிச்சவங்க நீங்க. புத்தகத்துல இருக்குன்னு சொன்னா நாங்க நம்புவோம்ல? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?” போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் வெளியேறினார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர். சாயங்காலத்துக்குள் கட்டில்கள் முன்போலக் காலியாகிவிட்டன. அமானுல்லா பாய் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். “என்னால வந்த வெனை,” என்றார். “இல்ல பாய்,” என்றான் தங்கராஜு. 

சில நாட்களில் ஐயாசாமிக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டு, சீசாவை எடுத்துக்கொண்டு தங்கராஜு லயத்துக்கே போனான். ஐயாசாமி கதவைத் திறக்கவில்லை. “உங்க மருந்தும் உங்க கதை மாதிரிதான் இருக்கும், போங்க,” என்று உள்ளேயிருந்தே சொன்னார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் சீசாவை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினான். மறுநாள் அது திறக்கப்படாமலே அங்கேயே இருந்தது என்று தெரிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை, வெயில் ஏறிவரும் நேரம், பாதையில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தான். வண்டிக்குள் ஐயாசாமி நினைவு தப்பிக் கிடந்தார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு செல்லம் உட்கார்ந்திருந்தாள்.

“கதவ ஒடைச்சுத்தான் தூக்கியாந்தோம்,” என்றாள். “மத்தவங்க கொண்டுவர வேணாம்னாங்க. கதை பொய்யின்னா கொயினாவும் பொய்யாடான்னு கேட்டேன். பொய்யா அய்யா?”

“கொயினா பொய் இல்லம்மா.”

“அப்ப குடுங்க.”

அன்று முழுவதும் இருவரும் ஐயாசாமியை விட்டு நகரவில்லை. ஈரத் துணி போட்டுப் போட்டு எடுத்தாள் அவள். ஊசி போட்டு, நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் இவன். பொழுது சாயும்போது கிழவரின் உடம்பு வேர்த்துக் கொட்டத் தொடங்கியது. கண்ணைத் திறந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்து, “கஞ்சி இருக்கா?” என்றார். தங்கராஜு கஞ்சிக்குச் சொல்லி அனுப்பினான். வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். சற்று நேரத்தில் செல்லமும் வந்து படியில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், உள்ளதச் சொல்லுங்க. கதைய எப்படி முடிக்கறதுன்னு தெரியாமத்தான் இழுத்தீங்களா? இல்ல எனக்காக இழுத்தீங்களா?”

“உனக்காகத்தான்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. “எனக்காக யாரும் எதையும் நிறுத்தி வைக்க வேணாம்யா. ரெண்டு வருஷமா எல்லாரும் அதத்தான் செய்யறாங்க. யாரும் எங்கிட்ட ஒண்ணையும் முடிச்சுச் சொல்ல மாட்டேங்கறாங்க. அவரு செத்திருந்தா செத்தாருன்னு எனக்குத் தெரியணும்.”

மறுமுறை அமானுல்லா பாய் வந்தபோது அவர்கள் இருவரும் சேர்ந்துதான் அவரிடம் கேட்டார்கள். தெற்கே ஸ்கூடாய், தெப்ராவ் என்று அவர் போகாத தோட்டமில்லை. சின்னத்தம்பி என்று ஒருவன், இன்ன வருஷம், இன்ன கொந்தராத்துக்காரனோடு போனவன், நெற்றியில் வெட்டுத் தழும்பு, கொஞ்சம் திக்கிப் பேசுவான். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “அல்லா பேரால தேடுறேன் தங்கச்சி,” என்றார். தாம் ஒரு கதையைக் கலைத்துவிட்ட வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் பாய் மூட்டையில்லாமல் வெறும் சைக்கிளோடு வந்தார். விற்க வரவில்லை, சேதியோடு வந்திருக்கிறார் என்று அதைப் பார்த்ததுமே தங்கராஜுவுக்குப் புரிந்துவிட்டது. ஆளனுப்பிச் செல்லத்தை வரவழைத்தான்.

தெப்ராவ் ஆற்றோரம் காடு வெட்டுகிறவர்களுக்குச் சோற்றுக்கடை வைத்திருந்த லியாக்கத் அலி என்பவருக்கு அந்த ஆளை ஞாபகம் இருந்தது. போன சில வாரத்திலேயே காய்ச்சல் கண்டதாம். கொந்தராத்துக்காரன் மற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டானாம். படுத்துக் கிடந்தவனைக் கடையின் பின்கட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டார் லியாக்கத் அலி. ஒரு வாரம் இருந்தான், பிறகு உயிர் போய்விட்டது. பக்கத்துக் கிராமமான கம்பத்திலிருந்து மலாய்க்காரர்கள் இரண்டு பேர் வந்து உதவ, ஆற்று மேட்டில் புதைத்தார்கள். காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தவனிடம் ஊர் பேர் விசாரிக்க வழியில்லை.

“அது அவருதான்னு எப்படிங்க தெரியும்?” என்றாள் செல்லம்.

“தழும்பு இருந்துச்சாம். அப்புறம், சோத்துல உக்காந்தா முதல்ல ஒரு கல்லு உப்ப நாக்குல வெச்சுட்டுத்தான் கை நனைப்பாராம். அத வெச்சுத்தான் அவருக்கு ஆளே ஞாபகம் வந்துச்சு.”

செல்லம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “அவருதான்,” என்றாள்.

இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். தங்கராஜு துரையிடம் லீவு கேட்டு வாங்கினான். தோட்டத்து ஆஸ்பத்திரியை அடைத்துவிட்டு ஒரு பால் வெட்டும் பெண்ணோடு டிரசர் எங்கே போகிறார் என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். ஐயாசாமி கம்பை ஊன்றிக்கொண்டு தாமும் வருவதாகக் கிளம்பிவிட்டார், முணுமுணுப்பு அடங்கிற்று. அமானுல்லா பாய் ஜொகூர் பாரு ஸ்டேஷனில் காத்திருந்தார். அவர் பெஞ்சாதி ஜொஹரா செல்லத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்; கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

தெப்ராவில் லியாக்கத் அலி அவர்களை ஆற்று மேட்டுக்குக் கூட்டிப் போனார். காடாக இருந்த இடம் இப்போது இளங்கித்தா. வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். நடுவே லாலாங் புல் இடுப்பளவு. லியாக்கத் அலி ஒரு இடத்தில் நின்றார், பிறகு தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் நின்றார். அவர் முகம் வாடிப்போயிற்று.

“இங்கதான் எங்கயோ. அடையாளத்துக்குக் கல்லு வெச்சேன். கன்னு நட்டவங்க எடுத்துப் போட்டுட்டாங்க போலிருக்கு. மன்னிச்சுக்கம்மா.”

தங்கராஜு அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மருதனை அவன் இல்லாத இடத்திலிருந்து உண்டாக்க வேண்டியிருந்தது. அத்தனை காலம் போய்விட்டதே, வேறென்ன செய்வது என்று நினைத்திருந்தான். ஆனால் ஒருவன் அழிந்துபோக ஆயிரம் வருஷம் வேண்டியிருக்கவில்லை. இரண்டே வருஷம் போதுமாயிருந்தது. இந்தச் சோற்றுக்கடைக்காரர் ஒரு கல் உப்பை மறந்திருந்தால் சின்னத்தம்பியும் இல்லை.

செல்லம் எந்த இடம் என்று கேட்கவில்லை. மேடு முழுவதற்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள். பிறகு ஆற்றில் இறங்கி முகம் கழுவினாள். திரும்பி ஏறி வந்தபோது நெற்றியில் குங்குமம் இல்லை. தாலியைக் கழற்றித் தண்ணீரில் விட்டாளா, மடியில் முடிந்துகொண்டாளா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எல்லோரும் வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள். லியாக்கத் அலி அந்நிய ஆண்பிள்ளை, கையைத் தொட முடியாது என்று அவர் நின்ற தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “கடைசியில ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களே அண்ணே,” என்றாள். அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

ரயிலில் திரும்பும்போது ஐயாசாமி தூங்கிப் போனார். வெளியே கித்தா மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அய்யா,” என்றாள் செல்லம். “மருதனை இனிமே கடல்ல வெச்சிருக்காதீங்க.”

“என்ன செய்யட்டும்?”

“அவன் இந்தக் கரையிலதான் செத்துப் போனான். எனக்குத் தெரியுது. ஆனா பக்கத்துல யாராச்சும் இருக்கணும்.”

மறுநாள் மத்தியானம் தங்கராஜு வார்டில் நாற்காலியைப் போட்டான். கையில் புத்தகம் இல்லை. கட்டிலில் கிடந்தவர்கள் சிலர்தான். ஆனால் சன்னல் ஓரம், வராந்தா, படிக்கட்டு என்று லயத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். செல்லத்தோடு கூடவே வந்திருந்தார்கள்.

“இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல,” என்று சொல்லித்தான் தொடங்கினான். “நான் சொல்றது.”

 மருதனின் கப்பல் கடாரத்துக் கரையைத் தொட்டது. ராஜா ஜெயித்தார், பொன்னை அள்ளிக்கொண்டு திரும்பினார். மருதனுக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரனைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மீன் பிடிக்கும் ஒருவன் அவனைத் தூக்கிப்போய்த் தன் குடிசையில் கிடத்தினான். அவன் பாஷை இவனுக்குத் தெரியாது, இவன் பாஷை அவனுக்குத் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் சைகை போதுமாயிருந்தது. கடைசி நாளில் மருதன் தன் பெஞ்சாதியின் பேரைச் சொன்னான். மீன்காரன் அதைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு குவளையை நீட்டினான். மருதன் குடித்தான்.

அவ்வளவுதான் கதை. யாரும் பொய் என்று சொல்லவில்லை. செல்லம் சன்னல் கட்டையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று அழுதாள். தெப்ராவில்கூட அழாதவள், இங்கே வாய்விட்டு அழுதாள். முன்பெல்லாம் ஒதுங்கிப்போன பெண்களில் ஒருத்தி, தனலெட்சுமி என்று பேர், வந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கேதத்துக்கு உட்காருவது மாதிரி, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சின்னத்தம்பிக்கு நடக்காமல் போன துக்கம் அன்றைக்குத்தான் நடந்தது.

அமானுல்லா பாயின் நச்சரிப்புத் தாங்காமல் தங்கராஜு மருதன் கதையை எழுதினான். சிங்கப்பூரில் ஒரு அச்சாபீசில் பாய் அதை மெல்லிய புத்தகமாகப் போட்டுக்கொண்டு வந்தார். பேரும் புகழும் ஒன்றும் வந்துவிடவில்லை. சரித்திரத்துக்கு ஒத்துவராத கற்பனை என்று பட்டணத்தில் யாரோ சொன்னதாகவும் கேள்வி. தோட்டங்களில் மட்டும் பாயின் மூட்டையிலிருந்து அது தீர்ந்துகொண்டிருந்தது.

பிறகு கித்தா விலை விழுந்தது. தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். போகிறவர்களின் வரிசையில் நிற்கச் சொன்னபோது செல்லம் மாட்டேன் என்றுவிட்டாள். “அவரு இங்க இருக்காரு. நான் அங்க போயி யாரப் பாக்கறது?” என்றாள். தங்கராஜு துரையிடம் மன்றாடி அவளை ஆஸ்பத்திரி ஆயாவாக வைத்துக்கொண்டான். சம்பளம் கொஞ்சம்தான், வேலை நிறைய. யாரும் முகம் சுளிக்காமல் அவள் கையால் கொயினா குடித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஒரு மத்தியானம் தங்கராஜு மருந்துத் தட்டோடு வார்டுக்குள் நுழையப் போனான். உள்ளே செல்லத்தின் குரல் கேட்டு வாசலிலேயே நின்றான். புதிதாக வந்த காய்ச்சல்காரர்களுக்கு அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. புத்தகம் பக்கத்தில் இல்லை. அவள் கதையில் மருதனுக்கு ஒரு தம்பி இருந்தான். தங்கராஜு அப்படி ஒரு தம்பியைக் கேள்விப்பட்டதே இல்லை. மருதன் ஊரில் ஒரு மாடு வாங்கி, அது ஓடிப்போய், அதைத் தேடிக்கொண்டு மூன்று ஊர் அலைந்தானாம். மீன்காரனின் பெஞ்சாதி முதலில் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டாளாம், பிறகு அவள்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாளாம்.

கட்டிலிலிருந்து யாரோ சிரித்தார்கள். “மாடு கெடச்சுதா ஆயா?”

“பொறு லா, சொல்றேன்,” என்றாள் செல்லம்.

கொயினாவுக்கு நேரமாகிவிட்டது. தங்கராஜு தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மாடு கிடைக்கும்வரை நின்றான்.